தாளத்தை யார் கையில் கொடுப்பது? பாப் டிலன் மின்னிசைக்கு மாறிய கதை

அமெரிக்க நாட்டார் பாடகர் பாப் டிலன் மின்கிட்டாருக்கு மாறியதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஒரே இரவில் போய் நின்றுவிடுவார்கள். 1965 ஜூலை 25, ரோட் ஐலண்ட் மாநிலம், நியூபோர்ட் நாட்டார் இசை விழா. கறுப்புத் தோல் ஜாக்கெட், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார், கூட்டத்தில் கூச்சல். பிறகு பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் நடந்த சண்டையாகக் கதை விரியும். அந்த இரவைக் கட்சி தாவிய கதையாகவே சொல்லிச் சொல்லி, இசைக்காரர் ஒருவர் முதலில் கேட்கக்கூடிய கேள்வியை ஓரமாகத் தள்ளிவிட்டோம். தனியாக ஒரு கிட்டாரோடு பாடிப் பழகியவர், ஐந்து பேர் வாசிக்கும் குழுவின் நடுவே எப்படிப் பொருந்துவார்?

டிலனுக்கு இதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆனது. 1964 டிசம்பரில் ஒரு தவறான வழி, 1965 ஜனவரியில் ஒரு பாதி வழி, ஜூனில் ஒரு பாட்டில் மட்டும் முழு வழி, ஜூலையில் மேடையில் சறுக்கல், 1966 மே மாதத்தில்தான் மேடையிலும் உறுதி. நியூபோர்ட் இந்த வரிசையின் நடுவில் வரும் ஒரு படி. அதையே உச்சம் என்று எடுத்துக்கொள்வதால்தான் மற்றதெல்லாம் மங்கிப்போகிறது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். தனியாகப் பாடுகிறவருக்குத் தாளம் சொந்தச் சொத்து. நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு பார் முடியும் இடத்தில் மூச்சு வாங்க வேண்டுமானால் இரண்டு எண்ணிக்கை கூடுதலாக நிற்பார். சொல் மிஞ்சினால் ஒரு பாரை நீட்டுவார். ஹார்மோனிகா ஊதும் இடத்தில் எத்தனை சுற்று என்பது அன்றைய மனநிலை. கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கிட்டாரும் குரலும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஒன்று காத்திருந்தால் மற்றதும் காத்திருக்கும். டிலனின் பாட்டுகளில் இது இன்னும் அதிகம். 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில் ஒரு சரணத்துக்கும் அடுத்த சரணத்துக்கும் வரிகளின் எண்ணிக்கையே வேறு. எப்போது பல்லவிக்குத் திரும்புவார் என்று தாளத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. சொற்களைக் கவனித்தால்தான் உண்டு.

இதே பாட்டை பேர்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழு 1965 ஜனவரி 20 அன்று பதிவுசெய்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். டிலனின் ஐந்தரை நிமிடப் பாட்டில் ஒரே ஒரு சரணத்தை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினார்கள். நடையை நான்கெண்ணிக்கைக்கு மாற்றினார்கள். ரோஜர் மெக்கின்னின் 12 கம்பி ரிக்கன்பாக்கர் கிட்டாரும் குழுக் குரலும் மட்டும் அவர்களுடையவை. டிரம்ஸ், பேஸ் எல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்டுடியோக் கலைஞர்கள் வாசித்தது. இரண்டேகால் நிமிடத்தில் பாட்டு முடிந்தது, அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. வரிகளின் கோணல்மாணலை அறுத்தெறிந்துவிட்டால் குழுவுக்குப் பொருந்துவது சுலபம் என்பதற்கு அது சான்று. ஆனால் டிலனிடமிருந்து சரணங்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அவர் அந்த வழியில் போகவில்லை. எல்லாச் சரணத்தையும் வைத்துக்கொண்டு குழுவோடும் பாட வேண்டும் என்பதுதான் அவருடைய பாடு.

ராக் இசை அவருக்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மினசோட்டாவின் ஹிப்பிங் ஊரில் பள்ளி நாட்களில் லிட்டில் ரிச்சர்ட் பைத்தியம் பிடித்துக் குழு சேர்த்தவர் அவர். 1962 டிசம்பரிலேயே 'மிக்ஸ்டு-அப் கன்ஃப்யூஷன்' என்று குழுவோடு ஒரு தனித்தட்டு வெளியானது, யாரும் கவனிக்கவில்லை. 1963இல் வந்த இரண்டாவது ஆல்பத்திலும் ஒரு பாட்டில் டிரம்ஸ் மெதுவாக ஓடும். ஆசை பழையது. வாய்க்காததுதான் முறை.

அந்த முறையை முதலில் தேடியவர் டிலன்கூட அல்ல, தயாரிப்பாளர் டாம் வில்சன். ஜாஸ் பின்னணியிலிருந்து வந்தவர். சன் ரா, செசில் டெய்லர் ஆகியோரைத் தொடக்கக் காலத்திலேயே பதிவுசெய்தவர். 1964இல் அனிமல்ஸ் குழு 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' என்ற பழைய நாட்டார் பாட்டை மின்னிசையில் பாடி உலகெங்கும் வெற்றி கண்டிருந்தது. அதே பாட்டை டிலன் தன் முதல் ஆல்பத்தில் தனிக் கிட்டாரோடு பாடியிருந்தார். வில்சன் 1964 டிசம்பரில் அந்தப் பழைய பதிவை எடுத்து, அதன்மேல் ஒரு குழுவை வாசிக்க வைத்துப் பார்த்தார். சரிவரவில்லை. ஏன் வராது என்பதை யாரும் வீட்டிலேயே சோதிக்கலாம்: தனியாகப் பாடிப் பதிந்த எந்தப் பாட்டையும் எடுத்து மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் தாளக்கருவி) ஓடவிடுங்கள். நான்கைந்து வரிக்குள் பாட்டு ஒரு பக்கம், மெட்ரோனோமின் தட்டு ஒரு பக்கம். டிரம்ஸ்காரர் பாடகரைத் துரத்த வேண்டும். துரத்துகிற டிரம்ஸ் எப்போதும் அரைக்கால் மாத்திரை பின்னால் விழும். அது தளர்வாகக் கேட்கும்.

இதே வித்தை வேறொருவருக்குப் பலித்தது. சைமன் அண்ட் கார்ஃபங்கலின் 'த சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டின் மேல் வில்சன் 1965 ஜூன் 15 அன்று மின்கிட்டார், பேஸ், டிரம்ஸ் சேர்த்தார். 1966 ஜனவரி 1 அன்று அது அமெரிக்காவில் முதலிடம். பால் சைமன் கிட்டாரைச் சீராக மீட்டுகிறவர், வரிகளும் ஒரே நீளம். அப்படியிருந்தும் பாட்டின் வேகம் இடையிடையே நகர்வதைக் காது வைத்துக் கேட்டால் பிடித்துவிடலாம். டிலனுடைய கை அதைவிடப் பல மடங்கு சுதந்திரமானது. ஒட்டுப்போட்டு ஆகாது, எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தால்தான் உண்டு என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

1965 ஜனவரி 13 முதல் 15 வரை நியூயார்க், ஏழாவது அவென்யூவில் கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோ ஏ. மூன்று நாளில் 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' முடிந்தது. ஒத்திகை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. டிலன் பாட்டைத் தொடங்குவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். 'பாப் டிலன்ஸ் 115த் ட்ரீம்' பாட்டின் தொடக்கத்தில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது. அவர் பாட ஆரம்பிக்கிறார், குழு உள்ளே வரவில்லை, சிரிப்பு வெடிக்கிறது, மறுபடி எடுக்கிறார்கள். அதை இசைத்தட்டிலேயே விட்டுவைத்தது நல்ல முடிவு. அந்தச் சில விநாடிகளில் அந்த அறையின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

அந்த அறையில் இந்தப் பாட்டுகளைத் தாங்கியவர் கிட்டார்காரர் புரூஸ் லாங்ஹார்ன். இவரைப் பற்றிப் போதிய பேச்சு இல்லை என்பது என் வருத்தம். சிறுவயதில் பட்டாசு விபத்தில் வலது கையின் சில விரல்களின் நுனியை இழந்தவர். அதனால் முழுக் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரத்தொகுதிகளை) அள்ளி மீட்டாமல் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் கிள்ளி வாசிக்கும் பாணி அவருடையது. அவரிடம் இருந்தது 1920இல் செய்த மார்ட்டின் அக்கூஸ்டிக் கிட்டார். அதன் ஒலித்துளையில் ஒரு பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் கருவி) பொருத்தி, இரவல் வாங்கிய ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக வாசித்தார். அதாவது அந்த ஆல்பத்தில் நாம் 'மின்கிட்டார்' என்று கேட்கும் ஒலியில் ஒரு பங்கு மரக்கிட்டாரின் குரல்தான். 'லவ் மைனஸ் ஸீரோ' பாட்டைக் கேளுங்கள். டிலன் மீட்டுவதன் மேல் இன்னொரு மீட்டல் ஏறி உட்காரவில்லை. அவர் வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் லாங்ஹார்ன் இரண்டு சுரம் வைக்கிறார், அடுத்த வரி வந்ததும் ஒதுங்குகிறார். நாட்டார் பாடகர் குழுவுக்கு வரும்போது முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு துணையைத்தான். வேகமாக வாசிக்கத் தெரிந்தவர் கிடைப்பார். சொல்லுக்கு வழிவிடத் தெரிந்தவர் எளிதில் கிடைக்கமாட்டார்.

ஆனால் இது பாதி வழிதான். ஆல்பத்தின் முதல் பக்கம் குழுவோடு. இரண்டாம் பக்கம் பெரும்பாலும் தனிக் கிட்டார். கனமான, நீண்ட, வரிகள் பெருகி ஓடும் பாட்டுகளெல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கின்றன. குழுவோடு பாடிய பாட்டுகள் பெரும்பாலும் ப்ளூஸ் அச்சில் வார்த்தவை: பன்னிரண்டு பார், மூன்று கார்டு, யாரும் தொலைந்துபோக வாய்ப்பில்லாத பாதை. 'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்' அமெரிக்கப் பட்டியலில் 39ஆம் இடம் தொட்டது. முதல் நாற்பதுக்குள் நுழைந்த டிலனின் முதல் பாட்டு அது.

ஜூன் மாதத்தில் வந்ததுதான் உண்மையான திருப்பம். 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஜூன் 15, 16 இரண்டு நாளும் அதே ஸ்டுடியோவில் பதிவானது. முதல் நாள் டிலன் பியானோவில் உட்கார்ந்து அதை மூன்றெண்ணிக்கை வால்ட்ஸ் நடையில் பாடினார். அந்தப் பதிவு கிடைக்கிறது. பாட்டு ஊஞ்சலாடுகிறது, ஆனால் நகரவில்லை. மூன்றெண்ணிக்கையில் ஒவ்வொரு பாருக்கும் ஒரே அழுத்தம். 'எப்படியிருக்கிறது உனக்கு' என்று குத்திக் கேட்கும் பல்லவியைத் தூக்கி நிறுத்த அந்த நடையில் இடமில்லை. மறுநாள் நான்கெண்ணிக்கைக்கு மாற்றினார்கள். இரண்டாவது, நான்காவது தட்டில் விழும் ஸ்நேர் டிரம் பாட்டுக்கு முதுகெலும்பு கொடுத்தது.

அதைவிட முக்கியம் பாட்டின் கார்டு வரிசை. சரணம் சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி என்று ஒவ்வொரு படியாக ஏறுகிறது. பிறகு எஃப்பிலிருந்து அதே படிகளில் சி வரை இறங்குகிறது. பல்லவி சி, எஃப், ஜி என்று சுற்றிச் சுற்றி வருகிறது. இதில் என்ன விசேஷம்? பாடகர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்காதவனுக்கும் பாட்டில் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியும். ஏறும்போது சரணம், இறங்கும்போது பல்லவி வரப்போகிறது, சுழலும்போது பல்லவி. டிலன் எத்தனை சொற்களை அடைத்தாலும் படிக்கட்டு நகராது. தாளத்தைக் குழுவின் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் சொற்களை முன்னும் பின்னும் இழுத்துப் பாடும் சுதந்திரத்தை அவர் வைத்துக்கொண்டார். தனிக் கிட்டாரில் அவர் தாளத்தை நீட்டினார். இங்கே உயிரெழுத்தை நீட்டுகிறார். பல்லவி வரிகளின் கடைசிச் சொல்லை அவர் எவ்வளவு நேரம் பிடித்து இழுக்கிறார் என்று கவனியுங்கள். தனியாகப் பாடும்போது அப்படி இழுத்தால் அடியில் ஒன்றுமில்லாமல் தொங்கும். இங்கே ஆர்கனும் பியானோவும் தரையாக இருக்கின்றன.

ஆர்கன் கதை தெரிந்ததுதான், ஆனால் அதன் தொழில்நுட்பப் பக்கம் சுவையானது. அல் கூப்பருக்கு அப்போது 21 வயது, கிட்டார்காரர், வில்சனின் விருந்தாளியாக வேடிக்கை பார்க்க வந்தவர். மைக் புளூம்ஃபீல்ட் என்ற கிட்டார்காரர் தன் டெலிகாஸ்டர் மின்கிட்டாரை வாசிப்பதைக் கேட்டதும் தன் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாறியதும், காலியான ஹாமண்ட் ஆர்கனில் போய் உட்கார்ந்தார். கார்டு மாறும் இடம் தெரியாததால் மற்றவர்கள் மாற்றிய பிறகு அரைத் தட்டு தாமதித்து மாற்றினார். அந்தத் தாமதம் பாட்டு முழுக்க ஒரு இழுவையாக நிற்கிறது. குரல் முன்னால் ஓட, ஆர்கன் பின்னால் பிடித்து இழுக்க, நடுவில் டிரம்ஸ் அசையாமல் நிற்கிறது.

பதிவைக் கேட்டுவிட்டு ஆர்கனைக் கூட்டச் சொன்னார் டிலன். அன்று நான்கு தடங்களில்தான் (நாடாவில் தனித்தனியே ஒலி பதியும் பட்டைகள்) பதிவு. 2015இல் வெளியான தொகுப்பில் அந்த நான்கும் தனித்தனியே கிடைக்கின்றன: ஒன்றில் புளூம்ஃபீல்டின் கிட்டார், ஒன்றில் குரலும் டிலனின் கிட்டாரும், ஒன்றில் பியானோவும் பேஸும், ஒன்றில் டிரம்ஸும் ஆர்கனும். டிரம்ஸும் ஆர்கனும் ஒரே தடத்தில் என்றால், பின்னால் ஆர்கனை மட்டும் உயர்த்த வழியில்லை. டிரம்ஸும் கூடவே எழும். இரண்டுக்கும் உள்ள விகிதம் வாசிக்கும்போதே முடிவாகிவிடும். ஒவ்வொரு தடத்தையும் பிறகு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம் என்று வளர்ந்த நமக்கு இது கை கட்டப்பட்ட நிலைபோலத் தோன்றும். ஆனால் ஒருவரையொருவர் கேட்டு வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதிலிருந்துதான் வந்தது. இந்தத் தடங்களை ஒவ்வொன்றாகக் கேட்பது எந்த இசைப்பள்ளிப் பாடத்தைவிடவும் பயன் தரும்.

அன்று நான்காவது டேக் தேறியது. அதற்குப் பிறகு பதினொரு டேக் முயன்றார்கள். ஒன்றும் அதை மிஞ்சவில்லை. குழு அந்தப் பாட்டைக் 'கற்று' முடிக்கவில்லை, ஒருமுறை அது நடந்தது, அவ்வளவுதான். ஆறு நிமிடத்தைத் தாண்டும் பாட்டை வானொலிக்காக இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்பினார்கள். ஜூலை 20 வெளியீடு. பட்டியலில் இரண்டாம் இடம்.

ஐந்து நாள் கழித்து நியூபோர்ட். பாட்டு ஒருமுறைதான் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மேடையைப் பாருங்கள். புளூம்ஃபீல்டும் கூப்பரும் ஸ்டுடியோவில் இருந்தவர்கள். பேஸ் வாசித்த ஜெரோம் ஆர்னால்டும் டிரம்ஸ் வாசித்த சாம் லேயும் பால் பட்டர்ஃபீல்ட் ப்ளூஸ் குழுவிலிருந்து வந்தவர்கள். சிகாகோ ப்ளூஸில் கரைகண்டவர்கள், டிலன் பாட்டுக்குப் புதியவர்கள். பியானோவில் பாரி கோல்ட்பெர்க். முந்தைய இரவு ஒரே ஒரு ஒத்திகை. கையில் மூன்று பாட்டு.

முதல் பாட்டு 'மேகீஸ் ஃபார்ம்'. பெரும்பாலும் ஒரே கார்டில் ஓடும் பாட்டு. ஒத்திகை குறைவான குழுவுக்கு ஒரே கார்டுப் பாட்டு சுலபம் என்று தோன்றும். நேர்மாறு. கார்டு மாறாத பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று சொல்லும் ஒரே அடையாளம் பாடகரின் குரல். அந்தக் குரல் மேடையில் கேட்கவில்லையென்றால்? பாட்டின் நடுவில் தாளத்தின் தட்டு திரும்பிவிட்டது, ஒன்றாவது எண்ணிக்கை எது என்பதில் பேஸும் டிரம்ஸும் பிரிந்துவிட்டன என்று கூப்பரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

குரல் ஏன் கேட்காது என்பதற்கு அன்றைய மேடை அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1965இல் பாடகரை நோக்கித் திருப்பி வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் மேடைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. மைதான ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். மேடையில் இருப்பவருக்குத் தன் குரல் மைதானத்திலிருந்து திரும்பி வருவது மட்டுமே, அதுவும் தாமதமாக. அவருக்குப் பின்னால் கிட்டார் ஆம்ப்கள், டிரம்ஸ் நேரடியாக முதுகில் அடிக்கும். அந்த ஒலியெல்லாம் குரல் மைக்குக்குள்ளும் புகும். ஒலிக்காரர் குரலைக் கூட்ட மைக்கை ஏற்றினால் கிட்டாரும் சேர்ந்து ஏறும். இன்னும் ஏற்றினால் ஊளையிடும். ஸ்பீக்கரின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல்தான், காது அதைச் 'சற்று அதிகம்' என்று மட்டுமே உணரும். இதற்கு மேடையிலேயே ஆம்பைக் குறைப்பதுதான் மருந்து. புளூம்ஃபீல்ட் அன்று குறைக்கும் மனநிலையில் இல்லை.

விழாவின் ஒலியமைப்பு ஒற்றைக் குரலுக்கும் பாஞ்சோவுக்கும் ஏற்றது. கோடரி இருந்தால் கம்பியை வெட்டியிருப்பேன் என்று மூத்த நாட்டார் பாடகர் பீட் சீகர் சொன்னது புராணமாகிவிட்டது. அவர் பின்னாளில் தந்த விளக்கம் எளியது: சொற்கள் கேட்கவில்லை. மின்கிட்டார் மேல் வெறுப்பு இருந்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பட்டர்ஃபீல்ட் குழு அதே விழாவில் மின்னொலியோடு வாசித்திருந்தது. மின்சாரம் மட்டுமே குற்றமாக இருந்திருந்தால் கூச்சல் அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும். டிலனைக் கேட்க வந்தவர்கள் சொற்களுக்காக வந்தவர்கள், அவர்களுக்குக் கிடைத்தது மூன்றே பாட்டு, அதிலும் பாதிச் சொல் கேட்கவில்லை.

இன்று இணையத்தில் அந்தப் பதிவைக் கேட்பவர்கள், குரல் தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்குக் கத்தினார்கள் என்று கேட்கிறார்கள். பதிவு கேட்டது மைக்குகளை. கூட்டம் கேட்டது மேடையை. இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது பாட்டு அப்போது 'ஃபேன்டம் எஞ்சினியர்' என்ற பெயரில் வேகமாக ஓடிய ப்ளூஸ். நான்கு நாள் கழித்து, ஜூலை 29 அன்று ஸ்டுடியோவில் அதே பாட்டின் வேகத்தைப் பாதியாக இறக்கிப் பதிவுசெய்தார்கள். அடுத்த ஆல்பத்தில் அது 'இட் டேக்ஸ் எ லாட் டு லாஃப், இட் டேக்ஸ் எ ட்ரெய்ன் டு க்ரை'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பாடம் தெளிவு: குழு சேர்ந்ததும் வேகத்தைக் கூட்டத்தான் கை பரபரக்கும், ஆனால் ஐந்து கருவி இருக்கும்போது வேகம் குறைந்தால்தான் சொல்லுக்கு இடைவெளி கிடைக்கும். கூச்சலுக்குப் பின் திரும்பி வந்த டிலன், தனிக் கிட்டாரோடு இரண்டு பாட்டு பாடினார். அதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து இ சுருதி ஹார்மோனிகா யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். தனியாகப் பாடும் திட்டமே இல்லாமல் வந்திருந்தார் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்று தனிக் கிட்டாரிலிருந்து குழுவுக்கு மாறுகிறவர்களும் இதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள், ஆகவே சில வேலைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழுவைக் கூப்பிடும் முன் ஒவ்வொரு பாட்டையும் கைபேசியில் பதிந்து, வரிக்கு எத்தனை பார் என்று தாளில் எழுதுங்கள். ஒரு சரணத்தில் எட்டும் அடுத்ததில் ஒன்பதும் வந்தால், அந்த ஒன்பதாவது பார் சொல்லுக்காக வந்ததா, சோம்பலால் வந்ததா என்று பாருங்கள். சொல்லுக்காக வந்ததை வைத்துக்கொண்டு டிரம்ஸ்காரருக்குச் சொல்லிவிடுங்கள்; மற்றதை வெட்டுங்கள். அடுத்தது கை. தனியாக வாசிக்கும்போது கட்டைவிரல் பேஸையும் மற்ற விரல்கள் மேல்சுரத்தையும் நிரப்பும். பேஸ் கிட்டார் வந்த பிறகும் கீழ் இரண்டு கம்பிகளை அடித்துக்கொண்டிருந்தால் அடிப்பகுதி சேறாகிவிடும். மேல் நான்கு கம்பியோடு நிறுத்துங்கள், அல்லது கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) ஏழாவது கட்டத்துக்கு அருகே ஏற்றி வேறு வடிவத்தில் அதே கார்டை வாசியுங்கள்.

மரக்கிட்டாரையே பிக்கப்போடு குழுவில் வைத்துக்கொள்ள விரும்பினால் ஊளைதான் எதிரி. பெரிய உடல் கொண்ட கிட்டாரின் காற்றறை 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே அதிரும். மேடை ஒலி அதைத் தட்டியெழுப்பும். ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள், மிக்சரில் அந்த அலைவரிசையைக் குறுகலாகக் குறையுங்கள், மானிட்டருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். ஒலிச்சோதனையில் முதலில் குரலை ஏற்றுங்கள். குரல் ஊளையிடாமல் எவ்வளவு ஏறுகிறதோ அதுதான் உச்சவரம்பு. டிரம்ஸ் அதற்குள் அடங்க வேண்டும், கிட்டார் டிரம்ஸுக்குள் அடங்க வேண்டும். பெரும்பாலோர் டிரம்ஸிலிருந்து தொடங்கிக் கடைசியில் குரலுக்கு இடம் தேடுவார்கள்.

ஆகஸ்ட் 28, நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கம். நியூபோர்ட்டுக்குப் பிறகு டிலன் செய்த மாற்றங்கள் எல்லாம் நடைமுறை சார்ந்தவை. முதல் பாதி தனிக் கிட்டார், இரண்டாம் பாதி குழு என்று பிரித்தார். முறையாக ஒத்திகை பார்த்தார். ராபி ராபர்ட்சன் கிட்டார், லெவன் ஹெல்ம் டிரம்ஸ், ஹார்வி புரூக்ஸ் பேஸ், கூப்பர் ஆர்கன். என்ன நடந்தாலும் வாசிப்பை நிறுத்தாதீர்கள் என்பது அவர் குழுவுக்குத் தந்த உத்தரவு. 'பேலட் ஆஃப் எ தின் மேன்' பாட்டின் முன்னிசையைக் கூச்சல் அடங்கும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கவைத்தார். அந்த முன்னிசை இறங்குவரிசைக் கார்டுகளில் சுழல்வது. எத்தனை முறை சுற்றினாலும் அலுக்காது. இப்படி ஒரு 'காத்திருக்கும் சுற்று' கைவசம் இருப்பது எந்த மேடைப் பாடகருக்கும் தேவை.

பிறகு ஹாக்ஸ் குழு முழுதாகச் சேர்ந்தது. ரானி ஹாக்கின்ஸின் பின்னணிக் குழுவாகக் கனடாவின் மதுக்கூடங்களில் வருடக்கணக்கில் இரவுதோறும் வாசித்தவர்கள். பாட்டு தெரியாவிட்டாலும் பாடகரின் தோளைப் பார்த்து எங்கே திரும்புவார் என்று ஊகிக்கிற பழக்கம் அப்படித்தான் வரும். செப்டம்பரில் டொராண்டோவில் ஒத்திகை, 24ஆம் தேதி டெக்சாஸின் ஆஸ்டினில் முதல் கச்சேரி. கூச்சல் தாங்காமல் லெவன் ஹெல்ம் நவம்பர் இறுதியில் விலகினார். உலகச் சுற்றுப்பயணத்துக்கு டிரம்ஸில் மிக்கி ஜோன்ஸ்.

1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். யாரோ 'யூதாஸ்' என்று கத்தியதற்காகவே அறியப்பட்ட கச்சேரி. கத்தலை விட்டுவிட்டு இசையைக் கேட்டால், பத்து மாதத்துக்கு முன் நியூபோர்ட்டில் தடுமாறிய எதுவும் அங்கே இல்லை. 1964இல் தனிக் கிட்டாரில் பாடிய 'ஒன் டூ மெனி மார்னிங்ஸ்' குழுவுக்கு மாறியிருக்கிறது; வரியின் கடைசிச் சொல்லில் பேஸ் வாசிக்கும் ரிக் டாங்கோவின் குரல் வந்து சேர்ந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. பழைய மெட்டில் டிலன் அந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கார்த் ஹட்சனின் லோரி ஆர்கன் வரிகளுக்கு நடுவே மட்டும் பெருகுகிறது. மெதுவான கைதட்டலால் கூட்டம் குலைக்கப் பார்த்தபோது, டிலன் மைக்கில் அர்த்தமில்லாமல் முணுமுணுக்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்க அரங்கம் தானே அடங்குகிறது. ஃபாரஸ்ட் ஹில்ஸ் முன்னிசையின் அதே தந்திரம், குரலால் செய்தது.

இதே பதிவுதான் 'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்ற தவறான பெயரில் திருட்டுத் தட்டாகப் பல வருடம் சுற்றி, 1998இல் முறையாக வெளியானது. உண்மையான ஆல்பர்ட் ஹால் கச்சேரிகள் மே 26, 27இல் நடந்தன. எதிரொலிக்குப் பேர்போன அந்த அரங்கத்தின் கூரையில் ஒலியைச் சிதறடிக்கும் வட்டுகளைத் தொங்கவிட்டது 1969இல்தான். அதற்கு முன் அங்கே டிரம்ஸோடு பாடினால் பின்வரிசைக்காரருக்குச் சொல் எவ்வளவு எட்டியிருக்கும் என்று யோசித்தால், பத்திரிகைகளின் கோபத்தில் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கணக்கில் எழுதலாம்.

மேடைச் சிக்கல் தீர்ந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ஸ்டுடியோச் சிக்கல் திரும்ப வந்தது வேடிக்கை. 1965 அக்டோபர் முதல் 1966 ஜனவரி வரை நியூயார்க்கில் ஹாக்ஸோடும் மற்றவர்களோடும் பல அமர்வுகள்; 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' ஆல்பத்துக்குத் தேறியது ஜனவரி 25இல் பதிந்த 'ஒன் ஆஃப் அஸ் மஸ்ட் நோ' ஒன்றுதான். மேடையில் உரத்து வாசித்துப் பழகிய கைகள் மூடிய அறையில் அடங்கவில்லை என்பது என் கணிப்பு. வில்சனுக்குப் பின் வந்த தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன் டிலனை நாஷ்வில்லுக்கு அழைத்துப்போனார்.

அங்கே இருந்தவர்கள் கன்ட்ரி பாடகர்களுக்கு வாசித்துப் பிழைக்கும் தொழில்காரர்கள்: சார்லி மெக்காய், டிரம்ஸில் கென்னி பட்ரி, பியானோவில் ஹார்கஸ் ராபின்ஸ், கிட்டாரில் வேய்ன் மாஸ். 1966 பிப்ரவரி 16 அதிகாலையில், டிலன் வரிகளை எழுதி முடிக்கும்வரை மணிக்கணக்கில் சீட்டாடிக் காத்திருந்த பிறகு, 'ஸாட்-ஐட் லேடி ஆஃப் த லோலேண்ட்ஸ்' பாட்டை எடுத்தார்கள். எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. மூன்று நிமிடத்தில் முடியும் பாட்டுகளுக்குப் பழகிய கைகள் இரண்டாம் பல்லவியிலேயே உச்சத்துக்கு ஏறத் தொடங்கின. டிலன் ஹார்மோனிகா ஊதிவிட்டு அடுத்த சரணத்துக்குப் போனார். மறுபடி ஏறினார்கள், மறுபடி சரணம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்ததாக பட்ரி பின்னாளில் சொன்னார். 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டு 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' இரட்டைத் தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்தது. ஒவ்வொரு பல்லவியின் முடிவிலும் பட்ரியின் தாளத்தட்டு மெல்லப் பெருகி, பாட்டு முடியவில்லை என்று தெரிந்ததும் அடங்குவதை ஹெட்போனில் கேட்கலாம்.